இருமல்

நியாமே நகரம், கத்தாக்கோ சந்தை.
தகரக் கூரைக்குக் கீழே ஒரு மடிக்கணினி,
கழுத்து ஒடிந்த மின்விசிறி,
எட்டு வாய் கொண்ட ஒரு ஒயர்க் கொத்து.
இதுதான் என் கடை.
மெமரி கார்டை நீட்டுங்கள்,
முந்நூறு பிராங்குக்கு நிரப்பித் தருகிறேன்.
பாட்டை எண்ணுவதில்லை,
தானியம் போல அளந்து கொட்டுவதுதான்.

பாடியவருக்கு இதில் ஒரு காசும் போகாது. தெரியும்.
திருடன் என்றால் திருடன்தான், மறுக்கவில்லை.
ஆனால் விலையைத்தான் எடுத்தேன்,
பெயரைத் தொட்டதே இல்லை.
இப்படித்தான் வெகுநாளாகச் சொல்லிவந்தேன்,
தேநீர்க்காரன் சூலேவிடம்,
தொழுகை முடிந்து திரும்புகையில்
என்னிடமும்.

செவ்வாய்க்கிழமை ஒரு பையன் வந்தான்.
பாரிஸில் ஓடு ஓடென்று ஓடுகிற பாட்டாம்,
நாலு கோடிப் பேர் கேட்டுவிட்டார்களாம்.
இறக்கினேன்.
மேலே புதுத் தாளம் பூசியிருந்தார்கள்,
யாரோ ஒருவன் பிரெஞ்சில் முணுமுணுத்தான்.
அடியில்
கவிழ்த்த சுரைக்குடுக்கையில் விரல்கள்.
அப்புறம் அந்தக் குரல்.
இரண்டு நிமிடம் பதினொன்றாம் நொடியில்
ஓர் இருமல்.

அந்த இருமலை எனக்குத் தெரியும்.
ஹர்மட்டான் காற்று பாலைவனத்தை மாவாக அரைத்து
எங்கள் சோற்றிலும் கண்ணிலும் கொட்டிய மாதம்
ஊருக்கே இருந்த இருமல் அது.
பாடியவள் ஹம்சாத்து செய்னி,
ஆற்றுக்கு அந்தக் கரையில் வெங்காயம் விற்பவள்.
தங்கை கல்யாணத்துக்குத் தானே கட்டிய பாட்டைப்
போனில் பதிந்து வந்து
என் போனுக்குள் அனுப்பினாள்.
"நாலு பேர் கேட்கட்டும்" என்றாள்.
கோடி என்று அவள் சொல்லவில்லை.

அவளைத் தேடிப் போகவேண்டியிருக்கவில்லை.
மறுநாள் அவளே வந்து நின்றாள்.
தன் பாட்டைத் தன் பெயரில் ஏற்றினாளாம்.
ஒரு மணி நேரத்தில் கடிதம்:
இது வேறொருவர் சொத்து,
மறுபடி செய்தால் உங்கள் கணக்கு மூடப்படும்.
"என் வீட்டுச் சுவரில் நானே கன்னம் வைத்தேனாம்."
சிரித்தாள்.
"என் போன், போன வருஷ வெள்ளத்தோடு போயிற்று.
உன்னிடம் பழசு இருக்குமே?
அதில் என் பெயர் இருக்குமே?"

இருக்கும் என்றேன்.
நெஞ்சை நிமிர்த்தியே சொன்னேன்.
சந்தையில் இத்தனை பேரில் என்னைத் தேடி வந்தாளே
என்று ஒரு கர்வம் வேறு.

ஹம்சாத்து என்று தட்டினேன், இல்லை.
செய்னி என்று தட்டினேன், ஒரு கால்பந்துக்காரன் வந்தான்.
இருமலை எழுதித் தேட
எந்தக் கணினியிலும் இடமில்லை.
ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டேன்,
எல்லாவற்றையும் இரண்டு பதினொன்றில்.
மூன்றாம் நாள் கிடைத்தது:

கல்யாணம்_மெதுவா_07

என் கை தட்டிய எழுத்து.
சின்னத் திரையில் பெயர் முழுசாக நிற்காது என்று
வாங்குகிறவர் வசதிக்காக
நானே நறுக்கியது.
தேதியும் அவளுடையதல்ல,
கணினி மாற்றியபோது ஒட்டிக்கொண்ட தேதி.
பெயரில்லாமல் ஊர் சுற்றிய பிள்ளைக்குப்
பாரிஸ்காரன் பெயர் வைத்துவிட்டான்,
அவ்வளவுதான் அவன் செய்தது.
திருடனுக்குத் தேள் கொட்டினால்
எங்கே போய்க் கத்துவான்?

மறைத்திருக்கலாம். வட்டு கெட்டுவிட்டது,
கரையான் தின்றுவிட்டது,
ஏதாவது சொல்லியிருக்கலாம்.
ஏனோ திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
வெங்காய வாடை அடிக்கும் விரலை
அந்த எண்ணின் மேல் வைத்தாள்.

"நான் ஏழு.
மற்ற ஆறு பேர் யார்?"

மின்விசிறி ஒருமுறை முக்கி முனகித் திரும்பியது.
ஒன்றாம் எண்ணை அழுத்தினேன்.
ஒரு கிழவர், கம்பி ஒன்றே கொண்ட யாழ்.
கண்ணை மூடிக்கொண்டு
கடைசி வரை கேட்டோம்.

அதில் இருமல்கூட இல்லை.